பற்றுச்சீட்டில் இருந்த ஒரு சொல்



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின் மத்ரஸா விறாந்தையில் கிதாபுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் உம்மா, மகனையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு சிவப்பு வெல்வெட்டுப் பெட்டி. கணவரை இழந்தவர். தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்ப்பவர். மூத்த மகளுக்கு அடுத்த மாதம் நிகாஹ் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு முத்துமாலையும் ஒரு சோடித் தோடும். ஒவ்வொரு மணியும் பெரிய கடலை அளவு. பால் நிறம். ஒன்றுக்கொன்று இம்மியும் வித்தியாசமில்லை. தன்னுடைய கல்யாணத்தில் போட்ட காப்பில் மிஞ்சியிருந்த இரண்டை விற்று இதை வாங்கியிருக்கிறார். பஹ்ரைனில் இருந்து லீவில் வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி கையில் எடுத்துப் பார்த்து, “மாமி, இது முத்தில்ல, மணி” என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

“கடைக்காரர் தென்கடல் முத்தெண்டுதான் சென்னார் மௌலவி. மாப்பிள்ளை வீட்டுக்கும் நான் அப்பிடித்தான் சென்னன். இப்ப இதை முத்தெண்டு சொல்லி மகளுக்குப் போட்டு அனுப்பினா எனக்குப் பாவமா?”

காசு போன கவலையை அவர் முதலில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏமாற்றப்பட்டவர் அவர். ஆனால் தானும் ஏமாற்றியவளாகிவிட்டேனோ என்ற பயம்தான் அவரை என் வாசலுக்குக் கொண்டுவந்தது.

பற்றுச்சீட்டைக் கேட்டேன். பெட்டியின் அடியில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: “சவுத் சீ ஷெல் பேர்ல்”. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் அன்று கடையிலேயே அதை வாசித்துக் காட்டியிருக்கிறான். ‘சவுத் சீ’ என்றால் தென்கடல், ‘பேர்ல்’ என்றால் முத்து. சரிதானே என்று இருவரும் திரும்பிவிட்டார்கள். நடுவில் இருந்த ‘ஷெல்’ என்ற சொல் யாருடைய கண்ணிலும் தைக்கவில்லை.

எனக்கும் அப்போது அதன் பொருள் தெரியாது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, “உங்களுக்கு முத்தைப் பற்றி என்ன தெரியும்? கல்யாணத்துக்கு வாங்கித் தந்த தோட்டையே நானா பார்த்துத்தான் வாங்கினார்” என்றார்கள். உண்மைதான். அதனால் பேருவளைச் சீனன்கோட்டையில் கல் வியாபாரம் செய்யும் பழைய வகுப்புத் தோழர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் மணியின் துளையைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். துளையின் ஓரத்தில், சுவரில் பூசிய பெயின்ட் உரிவதைப் போல ஒரு மெல்லிய பூச்சு எழும்பி நின்றது.

“சிப்பி ஓட்டைக் கடைந்து உருண்டையாக்கி, மேலே மினுக்கம் பூசியது. இதுதான் ஷெல் பேர்ல். எந்தச் சிப்பியின் வயிற்றிலும் இது முத்தாக வளரவில்லை” என்றார்.

அன்று அவரிடம் மூன்று மணித்தியாலம் இருந்தேன். அவர் சொன்னதையும், பின்னர் தேடி வாசித்ததையும் உங்களுக்குச் சொல்லத்தான் இம்மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். கல்யாண வீடுகளில் முத்து வாங்கும் முடிவு பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் ‘அசல் முத்து’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வோம். கடையில் அதிகம் கேட்கும் சொல் இதுதான். அதிகம் ஏமாற்றும் சொல்லும் இதுதான். ஏனென்றால் அதைச் சொல்பவர் அனேகமாகப் பொய் சொல்வதில்லை.

கடலடியில் மனிதன் கைபடாமல் சிப்பிக்குள் தானாக உருவாவது இயற்கை முத்து. நம் பாட்டிமார் காலத்து முத்து அதுதான். ஜப்பானைச் சேர்ந்த மிகிமோட்டோ கோகிச்சி என்பவர் 1893இல் சிப்பிக்குள் தானே ஒரு கருவை வைத்து அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டினார். அதன்பின் முழு உருண்டையாக வளர்க்கும் முறையும் வந்து, 1920களில் வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தைகளுக்குள் நுழைந்தபோது வியாபாரிகளிடையே பெரும் சண்டையே மூண்டது. இது முத்தா, போலியா என்பதுதான் வழக்கு. கடைசியில் உலகம் ஒரு தீர்வுக்கு வந்தது. வளர்ப்பு முத்தும் முத்துதான், ஆனால் ‘வளர்ப்பு’ என்ற சொல்லைச் சேர்த்துத்தான் விற்க வேண்டும். உலக நகை வணிகக் கூட்டமைப்பான சிப்ஜோவின் விதியும் இதுதான். அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழுவின் வழிகாட்டலும் இதையே சொல்கிறது. அடைமொழி எதுவுமின்றி வெறுமனே ‘முத்து’ என்று எழுதினால் அது இயற்கை முத்தாக இருக்க வேண்டும்.

இன்று கடைகளில் இருப்பவை ஏறத்தாழ எல்லாமே வளர்ப்பு முத்துக்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் வளர்ப்பு முத்துக்குள்ளும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. அவுஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் கடல்களில் பெரிய வெள்ளிதழ்ச் சிப்பியிலும் பொன்னிதழ்ச் சிப்பியிலும் வளர்வது தென்கடல் முத்து. பெரிது, விலை மிக உயர்ந்தது. ஜப்பானின் அகோயா முத்து அதைவிடச் சிறியது, பளபளப்பில் பேர்போனது. அதற்குள் வைக்கும் கரு பெரும்பாலும் அமெரிக்க ஆற்றுச் சிப்பியின் ஓட்டில் கடைந்த மணி. அதன்மேல் முத்துப் படலம் எவ்வளவு தடிப்பாகப் படிந்திருக்கிறது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. அவசரப்பட்டு எடுத்த முத்தில் படலம் மெலிந்திருக்கும், சில வருடங்களில் தேய்ந்து உள்ளே இருக்கும் மணி தெரியும்.

இவை தவிர, சீனாவின் குளங்களிலும் ஏரிகளிலும் நன்னீர்ச் சிப்பியில் வளர்வது நன்னீர் முத்து. செஜியாங் மாகாணத்தின் சூஜி நகரம் இதற்குப் பேர்போன இடம். ஒரே சிப்பியில் பல டசின் முத்துக்களை வளர்க்க முடியும். அதனால் விலை மிகக் குறைவு. உலகில் விளையும் முத்தில் மிகப் பெரும் பகுதி இதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு சீன நன்னீர் முத்தைக் கையில் வைத்துக்கொண்டு “இது அசல் முத்து” என்று ஒருவர் சத்தியம் செய்தாலும் அது பொய்ச் சத்தியம் ஆகாது. நீங்களோ மனதில் தென்கடலை நினைத்துக்கொண்டு காசை எண்ணுவீர்கள். அவர் சொன்னது உண்மை. சொல்லாமல் விட்டதில்தான் உங்கள் காசு போனது.

ஊர்ப் பெயர்களும் இதே வேலையைச் செய்கின்றன. ‘மயோர்க்கா முத்து’ என்று ஒன்று உண்டு. மயோர்க்கா ஸ்பெயின் நாட்டுத் தீவு. அங்கே முத்துக்குளிப்பும் இல்லை, முத்துப் பண்ணையும் இல்லை. கண்ணாடி மணிக்கு மேல் மினுக்கம் பூசிச் செய்யும் தொழில்தான் அங்கே உண்டு. ‘ஹைதராபாத் முத்து’ என்று சொன்னால் நம்மவர்கள் மயங்குவார்கள். சென்னைக்குப் போய் அங்கிருந்து ஹைதராபாத் வரை போய் வாங்கி வருபவர்களும் உண்டு. அந்நகரில் கடலே இல்லை, சகோதரிகளே. நிஸாம்களின் காலத்திலிருந்து முத்தைத் துளையிட்டுக் கோர்த்து விற்கும் கைத்தொழில் அங்கே உண்டு, அதில் அவர்கள் வல்லவர்கள். அங்கு இன்று விற்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்த நன்னீர் முத்துத்தான். ஜப்பானின் பீவா ஏரியில் ஒரு காலத்தில் நல்ல நன்னீர் முத்து விளைந்தது. ஏரி மாசுபட்டு விளைச்சல் விழுந்த பின்னும் ‘பீவா முத்து’ என்ற பெயர் மட்டும் சீன முத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கறுப்பு முத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பொலினீசியத் தீவுகளில், கறுப்பிதழ்ச் சிப்பியில், இயல்பாகவே கரிய நிறத்தில் வளர்வதுதான் தஹிட்டி முத்து. நன்னீர் முத்து கன்னங்கரேலென்று இருந்தால் அது சாயமிட்டது அல்லது கதிர்வீச்சுக்கு உட்படுத்தியது. துளையின் ஓரத்திலும் முத்தில் உள்ள சிறு பள்ளங்களிலும் சாயம் தடித்துத் தேங்கி நிற்பதைக் காணலாம்.

பிறகு ‘ட்ரிபிள் ஏ’. மூன்று ‘ஏ’ போட்டால் முதல் தரம் என்று நாம் நம்புகிறோம். வைரத்துக்கு இருப்பதைப் போல உலகம் முழுவதற்கும் பொதுவான எழுத்துத் தரம் முத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு கடையும் தன் விருப்பப்படி எழுதிக்கொள்கிறது. ஒரு கடையின் மூன்று ‘ஏ’ பக்கத்துக் கடையில் ஒன்றரை ‘ஏ’யாக இருக்கலாம். பெட்டிக்குள் தங்க எழுத்தில் வைக்கும் ‘உத்தரவாத அட்டை’யும் அப்படித்தான். அதை அச்சடித்தவர் விற்றவரே என்றால், அது அவர் வாய்ச்சொல்லின் இன்னொரு பிரதி.

கடைக்காரர் செய்து காட்டும் ‘சோதனை’களில்தான் நம் பெண்கள் அதிகம் விழுகிறார்கள் என்று தோழர் சிரித்தார். இரண்டு முத்தை ஒன்றோடொன்று உரசி வெள்ளைத் தூளைக் காட்டுவார். கத்தியால் சுரண்டிக் காட்டுவார். லைட்டரைக் கொளுத்திச் சுடரில் பிடித்து, “பாருங்க, உருகல்லை” என்பார். பல்லின் ஓரத்தில் உரசிப் பார்க்கச் சொல்வார், நரநரவென்று இருக்கும். இவையெல்லாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது பிளாஸ்ரிக் இல்லை, முத்துப் படலம் உள்ளது. கடலா குளமா, ஜப்பானா சீனாவா, இயற்கையா வளர்ப்பா, சாயம் ஏற்றியதா என்ற கேள்வி எதற்கும் அதில் பதில் இல்லை. நீங்கள் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார், நீங்கள் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததாக நினைத்துவிட்டீர்கள். இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல வியாபாரியாலும் முடியாது. எக்ஸ்றே கதிர் கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். இயற்கை முத்துக்காகவே வாழ்ந்த பஹ்ரைன் நாட்டில் 2017இல் இதற்கென்றே டானாத் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கண் பழகியிருந்ததில் வியப்பில்லை.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. ‘மன்னார் முத்து’ என்று சொல்லி இன்றும் சிலர் விற்கிறார்கள். சிலாபத்துறையிலும் மருச்சுக்கட்டியிலும் சலாபம் நடந்த காலத்தில், கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம்களும் அரபு நாட்டு முக்குளிப்போரும் நம்மவரோடு சேர்ந்து அங்கே குவிந்தார்கள். அதை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்னும் கடலோரம் நிற்கிறது. ஆனால் 1920களுக்குப் பின் பழைய அளவில் ஒரு சலாபம் அங்கே நடக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கமும் 1961உடன் முடிந்துவிட்டது. குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய நகையில் மன்னார் முத்து இருக்கலாம். புதுப் பெட்டியில், ஒரே அளவில், நூற்றுக்கணக்கில் வந்தால் எந்த வருடம் குளித்தது என்று கேளுங்கள்.

அந்தச் சலாபத்தில் சிப்பியைத் திறக்காமல் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இது ஆகுமானதா என்பது வேறு பாடம். இருவரும் ஒரே இருட்டில் நின்றார்கள் என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம். இன்று சுற்றுலாத் தலங்களிலும் கைபேசி நேரலை விற்பனையிலும் மூடிய சிப்பியை விற்கிறார்களே, உங்கள் கண்முன் திறந்து முத்தை எடுத்துக் காட்டுகிறார்களே, அவற்றில் பலவற்றில் செத்த சிப்பிக்குள் மலிவான நன்னீர் முத்தை, சில வேளை சாயமும் ஏற்றி, முன்பே வைத்து மூடியிருக்கிறார்கள். இதில் இருட்டு வாங்குபவருக்கு மட்டும்தான்.

சலாபத்து வியாபாரிகளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்தார்கள். பிறகு வட்டத்தையும் ஒளியையும் பார்த்து, ஆணி முத்து தொடங்கி, பிசல், தூள் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கோணலுக்கும் பெயர் இருந்தது, மங்கலுக்கும் பெயர் இருந்தது. குறையைப் பெயர் சொல்லி விற்றால் குறைக்கேற்ற விலை கிடைக்கும். இன்றைய லேபல் எல்லாவற்றையும் ‘பிரீமியம்’ என்கிறது.

இனி அந்த உம்மாவின் கதைக்கு வருகிறேன். ஷாஃபிஈ மத்ஹபின் பிக்ஹுக் கிரந்தங்களில், வியாபாரப் பாடத்தில், ஓர் உதாரணம் வரும். ஒருவன் கண்ணாடித் துண்டு ஒன்றை இரத்தினம் என்று தானே எண்ணிக்கொண்டு பெரும் விலைக்கு வாங்கிவிட்டான். அவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டா? இல்லை என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரிக்காதது அவனுடைய தவறு. வருடா வருடம் இதை ஓதிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் அந்த மடையனை நினைத்துச் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை விறாந்தையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அவன் தானாக எண்ணிக்கொண்டான். விற்றவர் வாய் திறந்து ‘இது இரத்தினம்’ என்று பெயர் சொல்லியிருந்தால் விவகாரம் மாறிவிடும், வாங்கியவருக்குக் கேட்க வழி உண்டு. வாயால் சொல்லாமல் தோற்றத்தால் சொல்வதையும் மார்க்கம் விட்டுவைக்கவில்லை. விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் ஆட்டின் மடியை வீங்க வைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம். ஆடு விற்றவன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, மடிதான் சொன்னது. முத்தின் மேல் ஏற்றிய சாயம் எனக்கு அந்த மடியைத்தான் நினைவூட்டுகிறது.

உம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். ஊரையோ கடையையோ சொல்ல மாட்டேன். முதலாளி மரியாதையாகக் கதிரை போட்டார். முதல் ஸப்பில் தொழுபவர்.

“ஹஸரத், நான் பொய் சொல்லல்லையே. பில்லுல ஷெல் பேர்ல் எண்டு எழுதித்தானே குடுத்திருக்கன்” என்றார்.

“பில்லை எழுதினது உங்கட கை, ஹாஜியார். தென்கடல் முத்தெண்டு சென்னது யாருடைய வாய்?” என்று கேட்டேன்.

அவர் விற்பனைப் பையனைப் பார்த்தார். பையன் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினான். பிறகு முதலாளி, “இந்தப் பெயர் நான் வெச்சதில்ல, மொத்தமா வரக்குள்ளயே அட்டையில இப்பிடித்தான் எழுதி வருது” என்றார். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். அவருக்கு விற்றவரும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டுதான் விற்றிருக்கிறார். ஆனால் ஷெல் என்றால் என்ன என்று முதலாளிக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியாது. நான் அதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

நாட்டின் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும் பொருளைப் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதையும் தடுக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை எழுத்தில், தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். விலை உயர்ந்த கல் என்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக் கூடம் கொழும்பில் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை.

கடைக்குப் போனால் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. “அசலா?” என்று கேட்காதீர்கள். “என்ன முத்து?” என்று கேளுங்கள். இயற்கையா, வளர்ப்பா, கடலா, நன்னீரா, சாயம் உண்டா என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை அதே சொற்களில், உங்களுக்கு விளங்கும் மொழியில், சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் தாராளமாகச் சொன்னவரின் பேனை அந்த இடத்தில் தயங்கினால், எழுந்து வந்துவிடுங்கள். விளங்காத சொல் சீட்டில் இருந்தால் அதைவிட்டு நகராதீர்கள். முத்தைப் போட்டோவில் பார்த்து வட்ஸ்அப்பில் காசு அனுப்புவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

முதலாளி மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பணத்தை இரண்டு தவணையாகத் தந்தார். முதல் தவணை அன்றே கிடைத்தது, இரண்டாவது நிகாஹ் முடிந்த பிறகுதான் வந்தது. உம்மா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நடந்ததைத் தானே சொல்லியிருக்கிறார். அந்த மாமியார், “எங்கட வீட்டுல நான் போட்டிருக்கிறது என்னண்டே எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தன் தோட்டைக் கழற்றிப் பார்த்தாராம்.

கிடைத்த பணத்தில் ஒரு காப்பை மீட்டுக்கொண்டு, மிச்சத்தில் மகளுக்குச் சிறிய தோடு ஒரு சோடி வாங்கினார்கள். மாணவன் அந்தப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினான். கடைக்காரர் தமிழில், கொஞ்சம் கோணலான எழுத்தில் எழுதியிருந்தார்: ‘சீன நன்னீர் வளர்ப்பு முத்து, தோடு 1 சோடி’. அதை நாலாக மடித்துத் தோட்டோடு பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.